ஓட்டுப் போடாமல் இருக்கலாமா என்று யோசிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

"இந்த முறை நான் ஓட்டுப் போடப் போவதில்லை அப்பா" என்று நீ போனில் சொன்னதும் உன் அம்மா சத்தம் போட்டுவிட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. போனில் ஆரம்பித்தால் நீ பாதியில் குறுக்கிடுவாய், நானும் குரலை உயர்த்துவேன், அப்புறம் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

ஓட்டுப் போடாதவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. நீ சோம்பலில் இதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். போன தேர்தலில் யாருக்காகத் தெருத் தெருவாக அலைந்து நோட்டீஸ் கொடுத்தாயோ, அவர்களே ஜெயித்ததும் எதிர்த்து நின்றவர்களோடு கைகோத்துக்கொண்டார்கள். மனம் வெறுத்துப் போவது நியாயம்தான். அக்கறை இல்லாதவர்களுக்கு இந்த வெறுப்பே வராது.

நீ சொன்ன காரணங்களில் ஒன்று, "என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?" இதற்கு எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில், முதல்வர் ஆவார் என்று பேசப்பட்ட சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும் ஒரே ஓட்டுதான் வித்தியாசம். இதையெல்லாம் சொல்லி உன்னை மடக்கலாம். ஆனால் அப்படி நடப்பது மிக மிக அபூர்வம். பெரும்பாலான தேர்தல்களில் நீ போனாலும் போகாவிட்டாலும் ஜெயிக்கிற ஆள் மாறப்போவதில்லை. சரி, அந்த இடத்தில் நீ சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டே மேலே போவோம்.

"போகாமல் இருப்பதுதான் என் எதிர்ப்பு" என்றாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நான் வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். வாக்காளர் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஆள் வந்து நின்றதும் வரிசை எண்ணைத் தேடி, பெயரைச் சத்தமாகப் படித்து, அதன் மேல் ஒரு கோடு போடவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்டுகளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, தங்கள் கையிலிருக்கும் பட்டியலில் அதே பெயரை அடித்துக்கொள்வார்கள். மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் பட்டியலைப் புரட்டினால் கோடு விழாத பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். அதில் ஒருவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒருவர் பிழைப்புக்காக வெளியூர் போனவர். ஒருவர் படுத்த படுக்கை. இன்னொருவர் மத்தியானத் தூக்கத்தை விட்டு எழுந்து வர மனமில்லாதவர். அவர்களுக்கு நடுவே ஒருவர் உன்னைப் போல நெஞ்சு கொதித்து, வேண்டுமென்றே வராமல் இருந்தவர். பட்டியலில் ஐந்து பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். நாங்கள் நிரப்பி அனுப்பும் படிவம் எதிலும் "ஏன் வரவில்லை" என்று எழுத ஒரு வரிகூடக் கிடையாது.

அந்த ஏஜென்டுகளின் பட்டியலையும் யோசித்துப் பார். நீ யாருக்குப் போட்டாய் என்பதுதான் ரகசியம். போட்டாயா இல்லையா என்பது ரகசியமே இல்லை. பிரிட்டனில் கோடு போட்ட பட்டியலின் பிரதியைக் கட்சிகள் கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் யார் எந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்ற பதிவு கட்சிகளின் கைக்குப் போகிறது. அடுத்த முறை எந்தக் கதவைத் தட்டுவது, எந்தத் தெருவை விட்டுவிடுவது என்று அதை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். வராத உன்னை அவர்கள் "கோபமாக இருக்கிறாள்" என்று குறித்துக்கொள்ளப் போவதில்லை. "இவள் வரமாட்டாள்" என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். பல நாடுகளில் உன் வயதுக்காரர்கள் என் வயதுக்காரர்களைவிடக் குறைவாகவே ஓட்டுப் போடுகிறார்கள். ஓய்வூதியத்தில் கை வைக்கப் பயப்படுகிற அரசுகள் படிப்புக் கட்டணத்தை ஏற்றத் தயங்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று, ஓய்வூதியம் வாங்குகிற நானே நினைக்கிறேன்.

அப்படியானால் போகாமல் இருப்பதற்கு அர்த்தமே இல்லையா என்று கேட்பாய். சில இடங்களில் இருக்கிறது. 2016இல் ஹங்கேரியில் அகதிகளைப் பங்கிட்டு ஏற்பது பற்றி அரசு ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தியது. செல்லுபடியான ஓட்டுகளில் 98 சதவீதம் அரசு விரும்பிய பக்கமே விழுந்தது. ஆனால் வாக்காளர்களில் பாதிப் பேராவது செல்லத்தக்க ஓட்டுப் போட்டிருந்தால்தான் முடிவு செல்லும் என்பது விதி. அந்த அளவு வரவில்லை, வாக்கெடுப்பு செல்லாமல் போய்விட்டது. அங்கே வீட்டில் இருந்தவர்களின் மௌனத்துக்குச் சட்டமே ஒரு எடை கொடுத்திருந்தது. இத்தாலியிலும் சட்டங்களை ரத்து செய்யக் கேட்கும் வாக்கெடுப்புகளுக்கு இப்படி ஒரு விதி உண்டு. நீ போகாமல் இருக்கப்போவது அந்த மாதிரி வாக்கெடுப்பு இல்லை அம்மா. பத்துப் பேர் மட்டும் வந்தாலும் ஆறு பேரின் ஓட்டு வாங்கியவர் முழு அதிகாரத்தோடு நாற்காலியில் உட்காருகிற தேர்தல்.

கொலம்பியாவில் வாக்குச்சீட்டிலேயே "வெற்று ஓட்டு" என்று தனி இடம் இருக்கிறது. அதற்குப் பாதிக்கு மேல் விழுந்துவிட்டால் அந்தத் தேர்தலைத் திரும்ப நடத்தவேண்டும். 2011இல் பெய்யோ என்ற நகரத்தில் மேயர் பதவிக்கு ஒரே ஒரு வேட்பாளர்தான் நின்றார். அவரை வெற்று ஓட்டு தோற்கடித்தது. எனக்கு மிகவும் பிடித்த தேர்தல் செய்தி அது. அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் இருந்திருந்தால் அந்த ஒற்றை வேட்பாளர் சுலபமாக மேயராகியிருப்பார். வெயிலோ மழையோ, போய் நின்று "வேண்டாம்" என்று போட்டதால்தான் அது நடந்தது.

இந்தியாவின் நோட்டா, அதாவது "நிற்பவர்கள் யாருமே வேண்டாம்" என்று போடும் ஓட்டு, அவ்வளவு பலமுள்ளது இல்லை. அதற்கு முன்னால் 49-ஓ என்ற விதி இருந்தது. ஓட்டுப் போட விருப்பமில்லை என்றால் அதிகாரியிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதவைத்துக் கையெழுத்துப் போடவேண்டும். அத்தனை ஏஜென்டுகள் பார்த்துக்கொண்டிருக்க யார் அதைச் செய்வார்கள்? 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இயந்திரத்தில் நோட்டாவுக்குப் பொத்தான் வந்தது. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவரே ஜெயிப்பார். "அப்புறம் எதற்கு அந்தப் பொத்தான்?" என்று நீ முன்பே கேட்டிருக்கிறாய். 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு பாஜகவில் சேர்ந்துகொண்டார். நோட்டாவுக்குப் போடுங்கள் என்று காங்கிரஸே கேட்டுக்கொண்டது. 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேல் விழுந்தது. பாஜக வேட்பாளர் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த 2 லட்சத்துச் சொச்சம் பேர் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று யாரும் ஊகிக்கவேண்டிய தேவையே இல்லை. எண்ணாக அச்சில் இருக்கிறது. அதே கோபத்தோடு அன்று வீட்டில் இருந்தவர்களை யாராலும் எண்ண முடியாது.

கூட்டமாகப் புறக்கணிப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். நீ அதைத்தான் மனதில் வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

1931இல் இலங்கையில், பிரிட்டிஷ் ஆட்சி கொடுத்த டொனமூர் அரசியலமைப்பின்படி முதல் தேர்தல் வந்தது. ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை. ஆனால் முழுச் சுயாட்சி இல்லை. அது போதாது என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. படித்த, தன்னலமில்லாத இளைஞர்கள் அவர்கள். குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் யாரும் மனுத் தாக்கல் செய்யவில்லை. தெற்கிலும் சேருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். சேரவில்லை. சபை கூடியது, நடந்தது, முடிவுகளை எடுத்தது. நான்கு நாற்காலிகள் 1934 வரை காலியாகக் கிடந்தன. அந்த இளைஞர்களின் நோக்கத்தில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் காலி நாற்காலிகளால் டொனமூர் திட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

2005 ஜனாதிபதித் தேர்தலும் எல்லோருக்கும் தெரிந்தது. ஏழு லட்சம் பேர் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.2 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். அதை மக்கள் தாங்களாக எடுத்த முடிவு என்று சொல்லிவிட முடியாது. புலிகளின் புறக்கணிப்பும் அதற்குப் பின்னாலிருந்த அச்சமும் சேர்ந்தது அது. மஹிந்த ராஜபக்‌ஷ சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வராதவர்கள் வந்திருந்தால் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அடுத்து வந்த வருஷங்களைத் தாங்கவேண்டியிருந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அதே வருஷம் டிசம்பரில் வெனிசுவேலாவில் எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து விலகின. 167 இடங்களும் ஜனாதிபதி சாவேஸின் ஆதரவாளர்களுக்கே போய்ச் சேர்ந்தன.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் நியாயமாகப் பேசியதாகாது. 1984இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு, கறுப்பின மக்களை வெளியே வைத்துவிட்டு, கலப்பினத்தவருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் மட்டும் தனித்தனி அவைகளைக் கொடுத்தது. நிறவெறியை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணி என்ற கூட்டமைப்பு ஊர் ஊராகப் போய் "போகாதீர்கள், இது பிரித்தாளும் வேலை" என்று பிரசாரம் செய்தது. பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் போனார்கள். அந்த அவைகளுக்கு மக்கள் ஆதரவு இருக்கிறது என்று அரசால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அங்கே வராமல் இருந்தவர்களை யாரும் தூங்கிப்போனார்கள் என்று நினைக்கவில்லை. முன்கூட்டியே காரணம் சொல்லி, கூட்டம் போட்டு, கைதாகி, அப்புறம்தான் வராமல் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1994இல் எல்லோருக்குமான முதல் தேர்தல் வந்தபோது அந்த மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

ஆக, உன்னிடம் நான் கேட்பது இதுதான். உன் விலகல் எந்த வகை? உன்னோடு யார் இருக்கிறார்கள்? யாரிடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறாய்? என்னிடமும் அம்மாவிடமும் சொன்னாய். நாங்கள் இரண்டு பேரும் வேட்பாளர்கள் இல்லை.

"ஓட்டுப் போட்டால் இந்த ஏற்பாட்டுக்கே சம்மதம் கொடுத்ததாகும்" என்றும் சொன்னாய். உன் சம்மதத்தை யாரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. போடாதவளுக்கும் அதே வரி, அதே சட்டம், அதே போலீஸ்.

"எல்லோரும் ஒன்றுதான்" என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். உனக்கு உயிரான ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள். அதில் இந்த வேட்பாளர்கள் சபையில் எப்படி ஓட்டுப் போட்டார்கள், என்ன கையெழுத்துப் போட்டார்கள், எதில் வாய் திறக்கவில்லை என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார். பேச்சைப் பார்க்காதே, பதிவைப் பார். ஒரு நூல் வித்தியாசமாவது தெரியும். நல்லவரைத் தேடித்தான் நீ அலுத்துப்போயிருக்கிறாய். நான் அப்படித் தேடுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஜெயித்த பிறகு யாரை எதிர்த்து நாம் கூட்டம் போட முடியும், வழக்குப் போட முடியும், யாரிடம் போய்க் கேள்வி கேட்டுவிட்டுப் பத்திரமாக வீடு திரும்ப முடியும் என்று பார்த்துத்தான் போடுகிறேன். நீ எப்படியும் அடுத்த தேர்தல் வரை போராடத்தான் போகிறாய். எந்த எதிராளியோடு போராடுவது என்பதையாவது நீ தேர்ந்தெடுக்கலாம்.

சில இடங்களில் போடாமல் விடுவதே நேர்மை என்று நானும் நினைக்கிறேன். ஒரே நாளில் நாலைந்து பதவிகளுக்குத் தேர்தல் வந்து, அதில் ஒரு பதவிக்கு நிற்பவர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றால், குத்துமதிப்பாக ஒரு பெயரைத் தொடாதே. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் போடு. ஆஸ்திரேலியாவில் 1924 முதல் ஓட்டுப் போடுவது கட்டாயம், வராவிட்டால் அபராதம். அங்கேயும் சீட்டை வெறுமையாக மடித்துப் பெட்டியில் போட்டால் அது யாருடையது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் செல்லாத ஓட்டாக எண்ணிக்கையில் ஏறும்.

முடிவு உன்னுடையது. நீ போகாவிட்டாலும் என் மகள்தான், அதில் உன் அம்மாவுக்கும் மாற்றுக் கருத்து இல்லை, சத்தம் போட்டாளே தவிர. ஆனால் போகவில்லை என்றால் ஒன்று செய். ஏன் போகவில்லை என்று ஒரு பக்கம் எழுதி, நிற்கிற எல்லா வேட்பாளர்களுக்கும், நீ வேலை செய்த அந்தக் கட்சி அலுவலகத்துக்கும் வாக்குப்பதிவுக்கு முன்னாலேயே அனுப்பு. உன் பெயரைப் போட்டே அனுப்பு. உன்னோடு சேர்ந்து நோட்டீஸ் கொடுத்த பிள்ளைகளையும் கையெழுத்துப் போடச் சொல்.

இன்னொன்று. நீ வீடு மாறியிருக்கிறாய், பழைய விலாசத்தில்தான் உன் பெயர் இருக்கும். போவதோ போகாததோ அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம், பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாள் எது என்று இந்த வாரமே பார்த்துவிடு. மனம் மாறும்போது பெயர் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா