லால்குடியில் இறங்க இடமில்லை

அன்புள்ள சேகர்,

தேன்மொழி கல்யாணத்துக்கு வராததற்கு நீ இன்னும் என்னைத் திட்டவில்லை. வாட்ஸப்பில் ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தாய். நீ கும்பிடு போட்டால் கொலைவெறியில் இருக்கிறாய் என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா? நேரில் வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். சாந்திக்கு முட்டிவலி தேவலை. பெரியவன் வேலை மாறிவிட்டான். சின்னவளுக்கு இது கடைசி வருஷம். உன் சர்க்கரை எவ்வளவு என்று உண்மையை எழுது. மனோகரி தங்கச்சி சொல்லும் கணக்கும் நீ சொல்லும் கணக்கும் ஒத்துப்போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வது நம் சிநேகிதன் கட்டை மூலமாக உன் காதுக்கு வந்திருக்கும். கட்டை சொல்லியிருந்தால் நான் ஏர்பஸ் ஓட்டுவதாகத்தான் வந்திருக்கும். இது இரண்டே பேர் உட்காரும் சின்ன விமானம். ஆள், பெட்ரோல், விமானம் எல்லாம் சேர்த்து 600 கிலோவைத் தாண்டக்கூடாது. பெயர் ஃபாக்ஸ்பேட். உக்ரைனில் கீவ் பக்கம் செய்தது. காருக்குப் போடும் ஈயமில்லாத பெட்ரோலிலேயே ஓடும். ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரிப் பொழுதுபோக்கு விமானங்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, சான்றிதழ் தருவது அவர்கள்தான். குறைந்தது 20 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 5 மணி நேரம் தனியாக. கார் ஓட்டும் அளவுக்கு உடம்பு சரியாக இருந்தால் போதும். முதல் தடவை போன் பண்ணியபோது பெயரைக் கேட்பதற்கு முன்னால் எடையைக் கேட்டார்கள். நீ வந்து ஏறினால் டாங்கில் பாதியைக் குறைக்க வேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவிட்டேன். ஆள் ஏற்றத் தனி அனுமதி வாங்க வேண்டும், அதற்குள் இளைத்துவிடு.

தனியாகவும் பறந்துவிட்டேன். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஏறினேன், நாலு திருப்பம் திரும்பினேன், இறங்கினேன். பக்கத்து இருக்கையில் பறக்கச் சொல்லித்தரும் வாத்தியாரம்மா இல்லாததால் விமானம் லேசாகி வழக்கத்தைவிட வேகமாக எழும்பியது, அந்த ஒரு நொடி வயிற்றைப் பிசைந்தது. கைகுலுக்கினார்கள். சாந்தி பாயசம் வைத்தாள். அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போன மாதம் எங்கள் ஓடுதளத்தில் விமானம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் நடுவழியில் எஞ்சின் நின்று ஒரு வயலில் இறங்கிவிட்டார். அவரே ஷெட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கட்டிய விமானம் அது. மழை விட்ட, மூட்டமான காலை. கார்புரேட்டருக்குள் பனி உறைந்திருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். நம் ஊர்க்காரனுக்கு இது எப்படிப் புரியும்? வெளியே 15 டிகிரி, உள்ளே எப்படிப் பனி என்று கேட்டேன். குறுகலான குழாயில் காற்று இழுபடும்போதும், பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே 20 டிகிரிக்கு மேல்கூடக் குளிர்ந்துவிடுமாம். காற்றில் ஈரமும் இருந்தால் அப்படியே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கச் சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் உண்டு. பெரியவர் அதை இழுத்துப் பார்த்திருக்கிறார், அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. விமானம்தான் தலைகீழாகக் கிடந்தது. அதை ஏற்றிக்கொண்டு வர டிரெய்லரோடு நாலைந்து பேர் போனோம், நானும் போனேன். சேகர், அந்தத் தடத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பின்சக்கரம் இரண்டும் புல்லில் நேராக, நீளமாகக் கோடு போட்டிருந்தன. பாடப்புத்தகத்தில் போடலாம், அத்தனை அழகான இறக்கம். அப்புறம் நடுவே முன்சக்கரத்தின் கோடு ஆரம்பிக்கிறது. முதலில் புல் மட்டும் மடங்கியிருக்கிறது, பிறகு மண் தெரிகிறது, பிறகு சேறு, கடைசியில் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு குழி. அந்தக் குழியில் மூக்கு மாட்டிக்கொண்டு வால் மேலே போய்க் கவிழ்ந்திருக்கிறது. சக்கரத்தின் மூடிக்குள் களிமண் அடைத்திருந்தது. அதைத் தோண்டி எடுக்கும் வேலை எனக்கு. குச்சியால் நோண்டினால் வரவில்லை, விரலை விட்டுத்தான் எடுத்தேன். நம் வண்டலுக்கு உண்டான அதே பிசுபிசுப்பு.

நிலத்துக்காரர் பிளாஸ்கில் தேநீரோடு வந்தார். ஆடு வளர்க்கிறவர். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, “அதில் இறங்கியிருக்கலாமே, அது காய்ந்து கிடக்கிறதே” என்றார். எனக்கு இரண்டும் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தது. அப்புறம் அவர் காட்டினார். நாங்கள் நின்ற நிலத்தில் அங்கங்கே கோரை முளைத்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

கோரை! நீயாக இருந்தால் பத்தாயிரம் அடியிலிருந்தே சொல்லியிருப்பாய். அதை நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வாத்தியாரம்மாவுக்கு அறுபதுக்கு மேல் வயது. ஆட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். ஆரம்பத்திலிருந்தே அவர் செய்யும் ஒரு காரியம் இருக்கிறது. நன்றாகப் பறந்துகொண்டிருப்போம், வெயிலடிக்கும், கடுகு இனத்துக் கனோலா வயல்கள் மஞ்சளாக விரிந்து கிடக்கும், நான் ஊர் நினைப்பில் லயித்திருப்பேன். ஒரு வார்த்தை சொல்லாமல் கையை நீட்டி, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுக்கக் குறைத்துவிடுவார். சத்தம் அடங்கிப்போகும். “எஞ்சின் போய்விட்டது. எங்கே இறங்கப் போகிறாய்?” அவ்வளவுதான் பேச்சு. 2,000 அடியில் இருந்தால் மூன்று நிமிடம் சொச்சம் கையில் இருக்கிறது. காற்றில்லாத நாளில் ஐந்து கிலோமீட்டர் மிதந்து போகலாம். அதற்குள் வேகத்தைச் சரியாகப் பிடித்து, காற்று எந்தத் திசை என்று பார்த்து, வயலைத் தேர்ந்தெடுத்து, பெட்ரோல் குழாயையும் சுவிட்சுகளையும் தடவிப் பார்த்து, ரேடியோவில் சொல்லி, கடைசியில் கதவின் கொண்டியைத் தளர்த்திவிட வேண்டும், இறங்கிய பிறகு கோணிப்போய்த் திறக்காமல் போகாதிருக்க. பயிற்சியில் தரைக்கு 500 அடி இருக்கும்போது மறுபடி எஞ்சினைக் கொடுத்து மேலே ஏறிவிடுவோம். அந்த உயரத்தில்தான் குட்டு வெளிப்படும். மேலே இருந்து மட்டமாகத் தெரிந்தது சரிவாக இருக்கும், புல் என்று நினைத்தது கற்களாக இருக்கும்.

உயரம்தான் நேரம் என்பது இப்போது உடம்பில் ஊறிவிட்டது. இங்கே 1970களில் இந்தச் சின்ன விமானங்களுக்கு முதன்முதலில் அனுமதி கொடுத்தபோது 300 அடிக்கு மேல் ஏறக்கூடாது என்று விதி போட்டார்களாம். ஊருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். ஓட்டுகிறவன் கதி? எஞ்சின் நின்றால் “முருகா” என்று சொல்லி முடிப்பதற்குள் தரை.

பெரியவர் விஷயத்துக்குப் பிறகு எனக்கு இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. காரில் போகும்போது சாலையைப் பார்ப்பதில்லை, வயலைப் பார்க்கிறேன். சாந்தி ஸ்டியரிங்கைப் பிடுங்காத குறை. நிலத்துக்குள் இத்தனை எழுதி வைத்திருப்பது எனக்கு இதுநாள் வரை தெரியாது. உழுத வயலில் இறங்க வேண்டிவந்தால் சாலோடு போக வேண்டும், குறுக்கே போனால் கதை முடிந்தது. அறுத்த தாள் இருக்கும் நிலம் நல்லது. இடுப்பளவு பயிர் ஆபத்து, கனோலா அழகாக இருக்கும், உள்ளே இறங்கினால் சக்கரத்தைப் பிடித்து இழுத்துக் கவிழ்த்துவிடும். காற்றின் திசையை எப்படிப் பார்ப்பது தெரியுமா? இங்கே பண்ணைக்குப் பண்ணை குட்டை வெட்டியிருக்கிறார்கள். காற்று வரும் பக்கத்துக் கரை மறைத்துக்கொள்வதால் அந்த ஓரத்தில் தண்ணீர் அசையாமல் கண்ணாடியாக நிற்கும், எதிர்ப்பக்கம் அலையடிக்கும். ஆக, கண்ணாடி இருக்கும் பக்கத்திலிருந்துதான் காற்று. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. தனியாகப் பறந்த அன்று குறட்டை விட்டுத் தூங்கினேன் என்று சாந்தி சொல்கிறாள்.

ஈ.பி. முருகேசனைப் பார்த்தால் இதைச் சொல். இங்கே ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்கு ஒரே ஒரு கம்பியில் மின்சாரம் போகிறது, 12,700 வோல்ட். திரும்பி வருவது பூமி வழியாக. நம்பமாட்டான், ஆனால் உண்மை. ஒற்றைக் கம்பி என்பதால் கம்பத்துக்குக் கம்பம் வெகுதூரம் விட்டு நட்டிருப்பார்கள். மேலிருந்து அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு, இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள் என்பது வாத்தியாரம்மா பாடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சிரிக்கவே மாட்டார். ஓடுதளத்தை விட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது, உயரம் பிடிப்பதற்கு முன்னால் எஞ்சின் நின்றால், திரும்பி ஓடுதளத்துக்கு வர நினைக்கக்கூடாது. எதிரே என்ன இருக்கிறதோ அதில் இறங்கு, வேண்டுமானால் இடமோ வலமோ கொஞ்சம் ஒதுங்கிக்கொள். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இதை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தனியாகப் போனாலும். பாதித் திருப்பம்தானே, திரும்பிவிடலாமே என்று மனசு சொல்லும். அரைவட்டம் போதாது, ஓடுதளத்தின் நேருக்கு வர அதற்கு மேலும் திரும்ப வேண்டும். சாய்த்துத் திரும்பினால் இறக்கை தாங்குவதற்கு இன்னும் வேகம் வேண்டும், 45 டிகிரி சாய்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக. எஞ்சின் இல்லாதபோது அந்த வேகம் எங்கிருந்து வரும்? பயத்தில் மூக்கைத் தூக்குவார்கள், ஒரு பக்க இறக்கை விழும், சுழன்று தலைகுப்புற. நல்ல அனுபவசாலிகளே இப்படிச் செத்திருக்கிறார்கள். எதிரே மரமே இருந்தாலும், கட்டுப்பாட்டோடு மெதுவாகப் போய் மோதுகிறவன் பிழைக்க வழி இருக்கிறது என்கிறார். நீ இதில் தத்துவம் தேடிக்கொண்டு “அப்போ ஊருக்குத் திரும்பி வரமாட்டியாடா” என்று ஆரம்பிக்காதே. 500 அடிக்குக் கீழே மட்டும்தான் அந்த விதி.

பயமாக இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது. முன்பு இருந்த பயத்துக்கு உருவம் கிடையாது, என்னமோ ஆகிவிடும் என்று வயிற்றில் கிடந்தது. இப்போது எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிகிறது. ஈரம், கம்பி, சரிவு, திரும்பும் ஆசை. கிளம்புவதற்கு முன்னால் பண்ணும் சோதனைகளில் இப்போதெல்லாம் அவசரப்படுவதில்லை. சுவிட்சுகள் அணைந்திருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மூக்கில் இருக்கும் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றுவேன். சுற்றச் சுற்ற, எஞ்சினுக்குள் தங்கிய எண்ணெய் முழுக்கத் தொட்டிக்குத் திரும்பி, கடைசியில் தொட்டி ‘களக்’ என்று ஏப்பம் விடும். அது கேட்ட பிறகுதான் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும். பந்தி முடிந்ததும் உங்க சித்தப்பா விடுவாரே, அச்சு அசல் அதேதான்.

ராத்திரி படுத்துக்கொண்டு உங்கள் ஊர் மேலே பறந்து பார்க்கிறேன், மனசுக்குள்தான். லால்குடிக்கு மேலே எஞ்சின் நிற்கிறது, எங்கே இறங்குவேன்? ஒன்றும் சரிப்படவில்லை. உன் வயல் தை வரைக்கும் தண்ணீரும் சேறும். அறுப்பு முடிந்தால் காயும்தான், ஆனால் முப்பது அடிக்கு ஒரு வரப்பு. வரப்பில்லாத இடத்தில் தென்னை, தென்னை இல்லாத இடத்தில் ஈ.பி. கம்பி, கம்பி இல்லாத இடத்தில் உன் பங்காளி போட்ட முள்வேலி. கொள்ளிடம் சித்திரையில் வெறும் மணல், அகலத்துக்கும் நீளத்துக்கும் குறைவில்லை. அந்த மணல் சக்கரத்தைத் தாங்குமா? தண்ணீர் வடிந்து இறுகின திட்டு எது, புதைமணல் எது என்று மேலிருந்து சொல்ல முடியுமா? நீ சின்ன வயசில் மாட்டை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனவன், உனக்குத் தெரியாமல் இருக்காது.

இதைத்தான் விரிவாக எழுதச் சொல்கிறேன். நிலத்தின் ஈரத்தைத் தூரத்திலிருந்து எதை வைத்துக் கண்டுபிடிப்பாய்? நிறமா, களையா, கொக்கு உட்காருவதா? தரிசு உளுந்து தெளிக்கும்போது ‘இன்னும் ரெண்டு நாள் போகட்டும்’ என்பாயே, காலை வைத்துப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறாய்? வாட்ஸப்பில் கும்பிடு போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாளில் எழுது, இல்லாவிட்டால் தேன்மொழியைத் தட்டச்சு செய்யச் சொல்.

அம்மாவுக்கு நான் பறக்கும் விஷயம் தெரியும். பெரியவர் கவிழ்ந்த கதை தெரியாது, நீயும் வாயைத் திறக்காதே. முக்கியமாகக் கட்டைக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே. சாயங்காலத்துக்குள் கவிழ்ந்தது நான்தான் என்று மார்க்கெட் வரைக்கும் சொல்லிவிடுவான், அப்புறம் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

அன்புடன்,
ரவி