செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. வலிக்குதென்று படுத்தே கிடக்க விடாதேடி. வாக்கரைப் பிடித்தாவது நடக்கட்டும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் வழக்கம்போல் தண்ணீர். சுற்றிக்கொண்டுதான் டியூட்டிக்குப் போகிறேன்.

இரண்டு மாதமாக எனக்கு ஒரு புது வேலை. குழந்தைகள் ஐசியுவில், படுத்தே கிடக்கிற பிள்ளைகளுக்குச் சதை எவ்வளவு கரைகிறது என்று பார்க்க, தொடைச் சதையை அல்ட்ராசவுண்டில் அளக்கிறேன். இடுப்பெலும்பு முனைக்கும் முழங்கால் சிப்பிக்கும் நடுவில் மார்க்கரால் ஒரு புள்ளி, மேலே தாராளமாக ஜெல், அதன்மேல் அழுத்தாமல் புரோப், அதாவது ஸ்கேன் கருவியின் கைப்பிடி. திரையில் கீழே தொடையெலும்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதற்கு மேலே கறுப்பாக இருப்பதுதான் சதை. புள்ளியைப் பார்த்த ஒரு அம்மா, "திருஷ்டிப் பொட்டாம்மா?" என்று கேட்டார். மறுநாள் ஸ்பாஞ்ச் பாத் கொடுத்ததில் பொட்டும் போயிற்று, என் அளவும் போயிற்று!

அவர் மகனுக்கு ஆறு வயது. நிமோனியா, தொற்று முற்றி உடம்பையே பாதிக்கிற செப்சிஸ், வென்டிலேட்டர். வந்தபோது 18 கிலோ, நாலாம் நாள் 19 கிலோவுக்கு மேல். உடம்பெல்லாம் நீர், எடை பார்க்கிற மெஷினுக்கு நீரும் சதையும் ஒன்றுதானே. தொடைச் சதையின் தடிமனோ 20 மில்லிமீட்டரிலிருந்து 17க்கு இறங்கியிருந்தது. முதலில் நான் நம்பவில்லை. புரோபைக் கொஞ்சம் அழுத்தினாலே இரண்டு மில்லிமீட்டர் குறையும், அந்தத் தப்பை ஆரம்பத்தில் நானே செய்திருக்கிறேன். அதனால் திரும்பவும் மூன்று தடவை அளந்தேன். அதே 17தான்.

2013இல் இங்கிலாந்தில் ஐசியுவில் இருந்த 63 பெரியவர்களை இப்படி அளந்தார்கள். பத்தே நாளில் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 சதவீதம் கரைந்திருந்தது. வளர்கிற பிள்ளைக்கு இவ்வளவு இருந்தால் சரி என்று ஒரு கணக்குச் சொல்ல முடியாது. அவனை அவனோடேதான் ஒப்பிட வேண்டும்.

படத்தை ரவுண்ட்ஸில் காட்டியதும் ஒருவர் ஃபீட் சார்ட்டை, டியூப் வழியாக எவ்வளவு உணவு போனது என்று எழுதி வைக்கிற தாளை, எடுத்துப் புரட்டினார். கிலோவுக்குக் குறைந்தது ஒன்றரை கிராம் புரதம் என்றால் அவனுக்கு நாளைக்கு 27 கிராம். ஸ்கேனுக்கு நிறுத்தினோம், டியூப் மாற்ற நிறுத்தினோம், வாந்தி என்று நிறுத்தினோம், பாதிகூடப் போகவில்லை. சார்ட் நாலு நாளாகக் கட்டிலிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அளந்தால் சதை வளராது, எனக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று மில்லிமீட்டரைப் பார்க்கிற வரை யாருக்கும் அது கண்ணில் படவில்லையே, எனக்கும் சேர்த்துத்தான்.

அன்றைக்கே ஃபீடைக் கூட்டினார்கள். பிசியோவும் கட்டிலிலேயே காலை மடக்கி நீட்ட ஆரம்பித்தார். போன வாரம் வார்டுக்குப் போய்விட்டான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கால் வெடவெடவென்று நடுங்குகிறது, விட மாட்டேன் என்கிறான்.

அம்மாவுக்கு தினம் ஒரு முட்டை கொடு. வேண்டாமென்றால் சுண்டலாவது. பொங்கலுக்கு வரும்போது உங்கள் வீட்டு மாடிப்படியை அம்மா ஏறிக் காட்ட வேண்டும், சொல்லி வை.

அன்புடன்,
மாலா