'ஆஃப்லைன்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்

பிரிண்டர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை எழுதும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. எனக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு பிரிண்ட் போகலை." போய்ப் பார்த்தால் பிரிண்டரில் விளக்கு எரிகிறது, தாள் இருக்கிறது, கைபேசியிலிருந்து அனுப்பினால் அச்சும் வருகிறது. அந்தக் கணினியில் மட்டும் 'ஆஃப்லைன்'. ஏன் என்று திரை சொல்வதில்லை.

பெரும்பாலும் காரணம் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் கண்டுபிடிக்க உதவும் எண். ரூட்டர் அதைக் குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. மின்சாரம் போய்வந்த பிறகு, 192.168.1.23-ல் இருந்த பிரிண்டருக்கு 192.168.1.37 கிடைத்திருக்கும். கணினியோ பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருமுறை இதில் அரை நாள் ஏமாந்தேன். பழைய எண்ணுக்குப் பிங் கொடுத்தேன் ('அங்கே யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்கும் சிறு சோதனை அது), பதில் வந்தது. அதனால் நெட்வொர்க்கில் குறையில்லை என்று முடிவுகட்டி டிரைவரையும் கேபிளையும் மாற்றிப் பார்த்தேன். பதில் சொன்னது யாரோ ஒருவருடைய கைபேசி. பிரிண்டர் விட்ட எண்ணை அது வாங்கியிருந்தது. அன்றிலிருந்து பிங்கை மட்டும் நம்புவதில்லை. அந்த எண்ணை பிரவுசரில் போட்டு, பிரிண்டரின் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கிறேன்.

இதில் என்னை வருத்துவது ஒன்று உண்டு. காரணம் தெரியாதவர்கள் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கிறார்கள். அப்போது புது முகவரி பதிவாகிவிடுவதால் அச்சு வந்துவிடுகிறது. ரீ-இன்ஸ்டால்தான் மருந்து என்று நம்பிவிடுகிறார்கள். அடுத்த முறை முகவரி மாறும்போது மறுபடி அதே பாடு. ஒரே பிரிண்டர் 'காப்பி 1', 'காப்பி 2' என்று பட்டியலில் நான்கைந்து தடவை நிற்கும் கணினிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ரூட்டரில் அந்த பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கிவைத்தால் தீர்ந்துபோகும் விஷயம் இது. அதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

இன்னொரு காரணத்தைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். அச்சு வேலை பொதுவாக டிசிபி 9100 என்ற போர்ட் (நெட்வொர்க்கில் எண் போட்ட ஒரு வாசல்) வழியே போகிறது. பிரிண்டரிடம் 'நலமா?' என்று கணினி விசாரிப்பது எஸ்என்எம்பி என்ற முறையில், யூடிபி 161 என்ற வேறொரு வாசல் வழியே. பாதுகாப்புக்காக யாராவது 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டி பெயரை (இந்த விசாரிப்புக்கான கடவுச்சொல் மாதிரி) மாற்றினாலோ, ஃபயர்வால் 161-ஐ மறித்தாலோ விசாரிப்புக்குப் பதில் வராது. 9100 திறந்தே இருந்தாலும் பிரிண்டர் ஆஃப்லைன் என்று கணினி முடிவுசெய்துவிடும். போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி நிலை என்ற டிக்கை எடுத்தால் உடனே அச்சு வரும். அந்த டிக் இருக்கும் இடம் சாதாரணப் பயனருக்கு எப்படித் தெரியும்?

ஸ்பூலரில் (அச்சு வேலைகள் காத்திருக்கும் வரிசை) சிக்கிய பழைய வேலை, விருந்தினர் வைஃபையில் இணைந்த கணினி என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் திரையில் வருவது அதே ஒரு சொல்.

கணினியும் பிரிண்டரும் பேசிக்கொள்வதற்காக 2000-இல் வெளியான ஐபிபி 1.1 தரத்திலேயே, பிரிண்டர் தன் நிலைக்கான காரணத்தைச் சொல்ல வழி இருக்கிறது. தாள் இல்லை, மூடி திறந்திருக்கிறது என்றெல்லாம் அது சொல்லும். தன்னை எட்ட முடியாதபோது பிரிண்டரால் எதுவும் சொல்ல முடியாதுதான். ஆனால் எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் தேடித் தோற்றோம் என்பது கணினிக்குத் தெரியும். "192.168.1.23-ல் தேடினேன், பதில் இல்லை. பிரிண்டரின் முகவரி மாறியிருக்கலாம்" என்று டிரைவர் எழுதட்டும். விசாரிப்புக்கு மட்டும் பதில் வரவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லட்டும்.

பிரிண்டரின் சின்னத் திரையில் ஐபி முகவரியைப் பார்க்க இன்று நான்கு மெனு உள்ளே போக வேண்டியிருக்கிறது. அதை முகப்பிலேயே காட்டுங்கள். ஏற்கெனவே திரை உள்ள மாடல்களுக்குப் புது வன்பொருள் எதுவும் தேவையில்லை, ஒரு ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் போதும். முதலில் இதைச் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரிண்டர்களோடு தினமும் வேலை செய்கிற ஒருவன்