தேடுவதை நிறுத்தாதவர்களுக்கு நன்றி

செலையூர், கிழக்குத் தாம்பரம்.

வணக்கம்.

நான் நன்றி சொல்லப்போகிறவர்களில் பெரும்பாலோருக்கு என்னை யாரென்றே தெரியாது. ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. "எத்தனை வருஷம்தான் மனசுக்குள்ளேயே வெச்சிருப்பீங்க, எழுதிடுங்கப்பா" என்று என் மகள்தான் தாளும் பேனாவும் எடுத்து வைத்தாள். அவளுக்கும் நன்றி.

இருபது ஆண்டுகள் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தேன். விமானத்தின் எஞ்சின் வேறு ஆட்களின் பொறுப்பு. உடம்பு, இறக்கை, சக்கரம், ஹைட்ராலிக் குழாய்கள் எல்லாம் எங்கள் பொறுப்பு. தொழில் கற்றது இதே தாம்பரத்தில். கடைசி சில ஆண்டுகள் சூலூரில், ஆட்களையும் சரக்கையும் ஏற்றிப் போகிற ஏஎன்-32 விமானங்களோடு கழிந்தன. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து காலை எட்டரை மணிக்குக் கிளம்பிய ஏஎன்-32, எண் கே-2743, போர்ட் பிளேர் போய்ச் சேரவில்லை. ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோக வழக்கமாகப் பறக்கிற 'கூரியர்' விமானம்தான் அது. ஒன்பது மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், 23,000 அடி உயரத்தில் இருந்தபோது, இடப்பக்கம் திரும்பி வேகமாக உயரம் இழந்ததை ரேடார் காட்டியது. அதோடு சரி. உள்ளே 29 பேர். விமானக் குழுவினர் 6, விமானப்படையினர் 11, ராணுவத்தினர் 2, கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் ஒவ்வொருவர். மிச்சம் எட்டுப் பேர் யூனிஃபார்ம் போட்டவர்களே இல்லை, விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த சிவிலியன்கள்.

நான் அவர்களில் யாருக்கும் உறவு இல்லை. ஆனால் அந்த விமானத்தின் உள்பக்கம் எனக்குத் தெரியும். இரண்டு பக்கச் சுவரோடும் ஒட்டிய மடக்குப் பெஞ்சில், எதிரெதிரே முகம் பார்த்து உட்கார வேண்டும். சத்தத்தில் பேச முடியாது, சிரித்துக்கொள்ளத்தான் முடியும். நடுவில் சாமான்கள் வலை போட்டுக் கட்டியிருக்கும். அன்று ராத்திரி தூங்க முயன்றபோது அந்தப் பெஞ்சுகள்தான் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன.

முதல் நன்றி, இப்போது இல்லாதவருக்கு.

வடக்கே ஒரு தளத்தில் இருந்தபோது எனக்கு மேலே ஒரு வாரண்ட் ஆபீசர் இருந்தார். கேரளத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். ஒரு குளிர்கால ராத்திரி, காலையில் கிளம்ப வேண்டிய விமானத்தில் ஒரு பிராக்கெட்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு பார்த்தேன். விரிசலா, கீறலா என்று சந்தேகம். மேலே இருந்த ஒருவர், "போயிட்டு வரட்டும், வந்ததும் பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு அப்போது வயது இருபத்தாறு. விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். வாரண்ட் ஆபீசர் வந்தார், டார்ச்சும் கண்ணாடியும் வைத்து அவரும் பார்த்தார். அப்புறம் எங்கோ போய், காலையில் அதில் பயணம் போகிறவர்களின் பட்டியலை வாங்கிவந்து என் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். இருபத்திரண்டு பெயர்கள். படித்து முடித்ததும் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. நான் பேனாவை மூடினேன். அந்த விமானம் மறுநாள் பறக்கவில்லை. அந்த இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தோம். வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு மெதுவாக எழுந்து வந்தது. விரிசல்தான்.

சார், அதற்காக உங்களுக்குக் கிடைத்தது "வேலையைத் தாமதப்படுத்துகிறவர்" என்ற பெயர் மட்டும்தான். இன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், நன்றி.

அந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயதான விமானத்தை வெளியே நின்று பார்த்தால் தெரியாது, பெயின்ட் அடித்தால் புதுசு மாதிரிதான் இருக்கும். மேலே ஏறும்போதெல்லாம் உள்ளே காற்றழுத்தம் கூடி உடம்பு கொஞ்சம் உப்பும், இறங்கினால் பழையபடி சுருங்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? அதேதான். தகடுகளை இணைக்கிற ஆணியான ரிவெட் ஒன்று தளர்ந்தால் அதைச் சுற்றிக் கறுப்பாக மை இழுத்தது போல ஒரு தடம் விழும். கடல் காற்று பட்ட அலுமினியத்தில் பெயின்ட் கொப்பளிக்கும், உரித்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. ரஷ்ய ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பு நிறம், காலையில் தரையில் ஒரு சொட்டுச் சிவப்பு இருந்தாலே வயிறு கலங்கும். இதையெல்லாம் பார்க்க நேரம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், மாற்றிப் போட பாகம் வேண்டும். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்த பிறகு, விமானம் செய்த கீவ் ஒரு நாட்டில், பல பாகங்கள் இன்னொரு நாட்டில் என்று ஆகிப்போனது. நிற்கிற விமானத்தில் கழற்றி ஓடுகிற விமானத்தில் மாட்டினோம். ஊரில் பழைய பஸ்ஸுக்குச் செய்வார்களே, அதே வேலை.

கே-2743 பழுதால்தான் விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மாதத் தொடக்கத்தில் அதே விமானத்தில் ஹைட்ராலிக் கசிவு, கதவுப் பக்கம் அழுத்தக் கசிவு, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலில் மந்தம் என்று பழுதுகள் பதிவானதாகப் பேப்பரில் படித்தபோது, நாலைந்து நாள் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. 29 பேரின் பட்டியலும் பேப்பரில் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். என் மனைவி உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அவளுக்கு நன்றி.

அடுத்து, அந்த மழைக்காலம் முழுக்கக் கடலில் நின்றவர்களுக்கு. கடற்படைக் கப்பல்கள், கடலோரக் காவல்படைக் கப்பல்கள், ஒரு நீர்மூழ்கி, மேலே வட்டமடித்த விமானங்கள். 'சாகர் நிதி', 'சமுத்திர ரத்னாகர்' என்ற இரண்டு ஆய்வுக் கப்பல்களும் வந்தன. விமானத்தின் அபாய ஒலிபரப்பி அனுப்பும் ரேடியோ அலை கடல் தண்ணீரைத் தாண்டி வராது. அப்படியிருக்க, மிதக்கிற ஒரு சீட் துணியாவது கிடைக்காதா என்று அலைக்கு மேலேயே கண்ணை வைத்திருந்தீர்கள். கிடைக்கவில்லை. செப்டம்பரில், 29 பேரும் இறந்ததாகக் கருத வேண்டியிருக்கிறது என்று குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. கடமைதானே என்று நீங்கள் சொல்லலாம். வாரக்கணக்கில் வெறும் தண்ணீரையே பார்த்துவிட்டு, மறுநாளும் அதே கவனத்தோடு பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது டார்ச் பிடித்து வேலை செய்தவனுக்குத் தெரியும்.

இனி, பள்ளிக்கரணைக்காரர்களுக்கு.

தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர பஸ் தூரம். வேளச்சேரி - தாம்பரம் சாலையில் அந்த வாசலை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. 2024 ஜனவரியில் செய்தி வந்தது. அவர்கள் கடலுக்குள் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கி வாகனம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில், சிதைந்து கிடந்த ஒரு விமானத்தைப் படம் எடுத்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் காணாமல் போன வேறு விமானம் எதுவும் இல்லை. படங்களைச் சரிபார்த்தார்கள், ஏஎன்-32-தான்.

3,400 மீட்டர் என்றால் சூரிய வெளிச்சம் எட்டிப் பார்க்காத இருட்டு. கயிறு இல்லாமல், கேபிள் இல்லாமல், கற்றுக்கொடுத்த பாதையில் தானாகப் போய், சோனார் ஒலியால் தரையைத் தடவித் தடவி வரைபடம் போட்டு, பிறகு பக்கத்தில் போய்ப் படம் எடுத்துத் திரும்பியிருக்கிறது அந்த வாகனம். கடலடியில் கனிமம் தேடுவதற்காக வந்த கருவி அது. ஏழரை வருடம் கழித்து, இதைத் தேடினால் என்ன என்று அங்கே யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. உத்தரவு கேட்டு, கப்பல் கேட்டு, நாள் கேட்டு, ஒரு கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அந்தப் படங்களைத் திரையில் முதலில் பார்த்தவர் யாரோ, அவருக்கு என் தனி நன்றி. அன்றைக்கு உங்களால் வீட்டில் சாப்பிட முடிந்ததா தெரியவில்லை.

செய்தி வந்த அன்று பஸ் ஏறி உங்கள் வாசல் வரை வந்தேன். காவலாளியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். தாம்பரத்தில் ஏறியவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பக்கத்து ஊர்க்காரர்கள்தான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்னும் இரண்டு பேர். இவர்கள் மிக்-21 என்ற போர் விமானம் சம்பந்தப்பட்டவர்கள், ஆனால் விஷயம் ஒன்றுதான்.

ஒருவர் கவிதா காட்கில் அம்மா. 2001 செப்டம்பரில் ராஜஸ்தானின் சூரத்கரில் மிக்-21 விழுந்து அவருடைய மகன் ஃப்ளைட் லெப்டினன்ட் அபிஜித் இறந்தார். பழி விமானியின் மீது போனது. அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. விமானத்தையும் கேள்வி கேளுங்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். நான் அப்போது பணியில் இருந்தேன். மெஸ்ஸில் சிலர், இவர் ஏன் இப்படி என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா, அன்று பேசாததற்காக இன்று மன்னிப்புக் கேட்கிறேன், நீங்கள் பேசியதற்கு நன்றி சொல்கிறேன்.

இன்னொருவர் விங் கமாண்டர் சஞ்சீத் கைலா. 2005-ல் அவருடைய மிக்-21 பழுதானபோது குதித்து உயிர் பிழைத்தார், முதுகெலும்பு போனது. நீதிமன்றத்துக்குப் போனார். 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 55 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பாதுகாப்பான இடத்தில் வேலை செய்யும் உரிமை படைவீரனுக்கும் உண்டு என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதைப் படித்தபோது, அந்தக் குளிர்கால ராத்திரி பேனாவோடு நின்றது நினைவுக்கு வந்தது.

2012-ல் நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஏ.கே. அந்தோணி சொன்ன கணக்கு இது: வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்தில் போயின, 171 விமானிகளும் 39 பொதுமக்களும் இறந்தார்கள். 2023 மே மாதம் ராஜஸ்தானில் ஒரு மிக்-21 ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானி தப்பித்தார், மூன்று பெண்கள் இறந்தார்கள். வீட்டில் இருந்ததைத் தவிர அவர்கள் வேறெதுவும் செய்யவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்தார்கள். அறுபது வருடத்துக்கு மேல் உழைத்த விமானம். டிவியில் பார்த்து அழுதேன், விமானத்துக்காகவும் மற்றவர்களுக்காகவும்.

கடைசியாக, இன்றைக்கு ஹாங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், வேலை செய்கிற பிள்ளைகளுக்கு. சந்தேகம் வந்த இடத்தில் கையெழுத்துப் போடாமல் நிறுத்துகிற ஒவ்வொருவருக்கும், முன்கூட்டியே என் நன்றி. உங்களால் ஊர் போய்ச் சேருகிறவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியவே தெரியாது, எனக்குத் தெரியும்.

ஜூலை 22 காலை எட்டரை மணிக்கு ஒவ்வொரு வருடமும் செலையூர் ஏரிக்கரைக்குப் போய் அந்த 29 பெயர்களையும் படிக்கிறேன். படித்து முடிக்க மூன்று நிமிடம் ஆகும். இந்த முறையும் போவேன். தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் யாராவது வந்தால் பாதிப் பெயர்களை நீங்கள் படிக்கலாம். எனக்கு இப்போதெல்லாம் நடுவில் குரல் நின்றுவிடுகிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்