அட்டைப்பெட்டியும் ஒரு பிஸ்யாவும்

அன்புச் சிநேகிதிக்கு,

நான் கிளம்பிய அன்றுதான் உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் உயிர் வந்தது. கொஞ்ச நாளைக்கு மாடி ஏற விடாதே.

பதினோரு வருஷம் கழித்து மறுபடியும் ஐஸ்லாந்து, அதே ஹெய்மாய் தீவு, அதே வீடு. அன்றைக்கு ஏழு வயசில் என் கையை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த பையன் இப்போது மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். நேற்று ராத்திரி அவன்தான் கார் ஓட்டினான். பின்சீட்டில் அவனுடைய அக்கா பிள்ளைகள் இரண்டு பேர், மடியில் அட்டைப்பெட்டியோடு.

பஃபின் என்ற கடல்பறவையின் குஞ்சை இங்கே ‘பிஸ்யா’ என்கிறார்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் குஞ்சுகள் பொந்தைவிட்டு ராத்திரியில் தனியாகக் கிளம்புகின்றன. கடல்மேல் தெரியும் வெளிச்சத்தை நம்பிப் பறக்கிறவை, ஊர் விளக்குகளைப் பார்த்து ஏமாந்து தெருவில் விழுகின்றன. சமதரையிலிருந்து மேலே எழும்பத் தெரியாது. பூனையும் காரும் வருவதற்குள் பிள்ளைகள் போய் எடுத்தாக வேண்டும். பள்ளிக்கூடம் திறந்துவிட்டாலும் இந்தச் சில வாரம் யாரும் பிள்ளைகளைத் தூங்கச் சொல்லி அதட்டுவதில்லை.

ஒரு லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒன்று கிடைத்தது. படத்தில் பார்க்கிற வண்ண மூக்கெல்லாம் இல்லை. சாம்பல் முகம், பிடரியில் உதிராத தூவி. சின்னவள் இரண்டு கையாலும் இறக்கையை அணைத்துத் தூக்கினாள். அது அவள் விரலை நறுக்கென்று கடித்தது. அவள் விடவில்லை. வீடு வரும்வரை பெட்டிக்குள் நகம் பிராண்டும் சத்தம்.

காலையில் எடை போட்டுப் பதிவு செய்தார்கள். 290 கிராம். அந்த எண்ணைக் கேட்டதும் பெரியவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மணல்விலாங்கு என்ற சிறு மீன்தான் குஞ்சுகளுக்குத் தீனி. 2005 வாக்கில் அது குறைந்து, பல வருஷம் குஞ்சுகள் பொந்திலேயே செத்தன. போன தடவை நாங்கள் விடிய விடியச் சுற்றியும் மூன்றுதான் அகப்பட்டது. பிறகு சில வருஷங்களில் ஆயிரக்கணக்கில் காப்பாற்றினார்களாம். ஒரு தம்பதி வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும் என்பதால் ஒவ்வொன்றும் கணக்கு.

பெட்டிகளைச் சேர்த்து வைப்பது அந்த வீட்டுப் பாட்டி. 1973 ஜனவரி 23 நள்ளிரவுக்குப் பிறகு ஊர் ஓரத்தில் பூமி பிளந்து நெருப்பு கக்கியபோது அவருக்குப் பத்து வயசு. முந்தின நாள் புயலால் படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் நின்றிருந்தன. ஐயாயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோரை அந்த ராத்திரியே அவற்றில் கரை சேர்த்தார்கள். அவருடைய வீடு இன்னும் எரிமலைக் குழம்புக்கு அடியில்தான் இருக்கிறது. “எங்களையும் ஒருத்தர் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்” என்றார், பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டபடியே.

கடலுக்கு அனுப்ப, பாறை விளிம்பில் சின்னவள் குஞ்சைக் கால்களுக்கிடையில் தாழ்த்தி, ஒரு வீச்சு வீசி மேலே எறிந்தாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கல் மாதிரி கொஞ்சம் விழுந்து, பிறகு இறக்கை படபடக்க, தண்ணீரை ஒட்டிப் போய்விட்டது. இனி இரண்டு மூன்று வருஷம் நிலத்துக்கே வராதாம்.

கீழே ஹாரன் அடிக்கிறார்கள். இன்று துறைமுகப் பக்கம். அங்கே விழுகிறவற்றுக்கு எண்ணெய் ஒட்டிவிடும், சீக்கிரம் போக வேண்டும். மீதி நேரில். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழி