மாப்பிள்ளை அனுப்பிய வயரிங் படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அமெரிக்காவில் நீங்கள் தங்கிப் பயணிக்கும் வீடாக மாற்றிக்கொண்டிருக்கும் பள்ளிப் பேருந்துக்கு மாப்பிள்ளை வரைந்து அனுப்பிய வயரிங் படம் வந்து சேர்ந்தது. அச்சடித்ததுபோல் இருக்கிறது. மில்லில் என்னிடம் வேலை பார்த்த பையன்கள் ஒருவரும் இவ்வளவு சுத்தமாக வரைந்ததில்லை. ஆனாலும் இந்தப் படத்தை வைத்து வேலையை முடித்தால், அந்தப் பள்ளிப் பேருந்தின் கதவை நான் தொடமாட்டேன். அவரிடம் நேரடியாகச் சொல்ல எனக்குக் கூச்சம். நீ பக்குவமாக எடுத்துச் சொல். நீயே கண்டுபிடித்ததாகச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பஸ்ஸுக்குள் இருக்கும் பிரேக்கர் பலகையில் கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயர்களின் பட்டையையும் பாதுகாப்புக்கான எர்த் வயர்களின் பட்டையையும் பச்சைத் திருகு ஒன்றால் சேர்த்திருக்கிறார். அமெரிக்க வீடுகளின் மெயின் பலகையில் அது சரிதான், விதியே அப்படித்தான். பஸ்ஸுக்கு அது பொருந்தாது. வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப் மைதானத்தின் மின்கம்பத்திலிருந்து கேபிள் இழுக்கும்போது, நியூட்ரலும் எர்த்தும் அந்த மைதானத்தின் மெயினிலேயே சேர்ந்துதான் வருகின்றன. பஸ்ஸில் மறுபடி சேர்த்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு எர்த் வயரிலும் பஸ்ஸின் தகரத்திலும் ஓடும். கம்பத்து சாக்கெட்டில் அந்த இரண்டு வயர்களும் தளர்ந்திருந்தால் மொத்த பஸ்ஸும் 120 வோல்ட்டில் நிற்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஈரத் தரையில் நின்றுகொண்டு கைப்பிடியைப் பிடிப்பவருக்குத்தான் தெரியும்.

அந்தத் திருகைக் கழற்றச் சொல். எந்த நேரத்தில் எது மின்சாரம் தருகிறதோ, அங்கே மட்டும்தான் இரண்டும் சேர வேண்டும். ஆனால் பஸ்ஸின் சேசிஸை, அதாவது இரும்புச் சட்டத்தை, எர்த் பட்டையோடு தடித்த வயரால் இணைத்தே ஆக வேண்டும். இதையும் அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்வெர்ட்டர் ஓடும்போது அதுதான் மின்சாரம் தருகிறது. நீங்கள் வாங்கியிருப்பதுபோல் சார்ஜரும் சேர்ந்த இன்வெர்ட்டர்கள் பலவற்றில் உள்ளேயே ஒரு ரிலே, அதாவது தானாக மாறும் ஸ்விட்ச், உண்டு. பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கும். வெளி சப்ளை வந்ததும் பிரித்துவிடும். சில மாடல்களில் அது கிடையாது. கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அதோடு, படத்தில் தனியாக இன்னொரு சார்ஜரை இன்வெர்ட்டரின் வெளியீட்டில் மாட்டியிருக்கிறார். பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்ட, அது சார்ஜரை ஓட்ட, சார்ஜர் அதே பேட்டரியை நிரப்பப் பார்க்கும். விடிவதற்குள் பேட்டரி காலியாகிவிடும். அதை எடுத்துவிடுங்கள்.

வெளி சப்ளையா ஜெனரேட்டரா என்று மாற்றிக்கொள்ளத் தனியாக ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் காட்டியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். இங்கே மின்வெட்டுக் காலத்தில் சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்தவர்களால், கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் ஏறிய லைன்மேன்கள் உயிர்விட்டிருக்கிறார்கள். ஆனால் உங்களுடையது கையில் தூக்கும் சின்ன ஜெனரேட்டர். கம்பத்துக் கேபிள் மாட்டும் அதே நுழைவாயிலில் ஜெனரேட்டரையும் மாட்டிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு பிளக்தான் நுழையும், அதைவிட நம்பகமான சேஞ்ச் ஓவர் கிடையாது. அந்த வகை ஜெனரேட்டர்களில் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு சேராமல் தனியாக இருக்கும். அதன் காலி சாக்கெட்டில், நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்த ஒரு பிளக்கைச் செருகினால் போதும். அந்தப் பிளக் ஜெனரேட்டரை விட்டு வேறெங்கும் போகக்கூடாது. புகை, ஜன்னல் பக்கம் திரும்பக்கூடாது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை, படுக்கைக்குப் பக்கத்தில் அலாரம் வையுங்கள்.

வயர் நிறத்தில் நீ தனியாகக் கவனமாக இரு. நம் வீட்டில் என்னோடு நின்று நீ பார்த்த கறுப்பு வயர் நியூட்ரல். அங்கே கறுப்புதான் கரண்ட் வரும் பேஸ் வயர், வெள்ளைதான் நியூட்ரல். பேட்டரிப் பக்கம் போனால் அதே கறுப்பு நெகட்டிவ். பழக்கத்தில் கை போய்விடும். டெஸ்டரை நம்பாதே, மல்டிமீட்டர் வைத்துப் பார்.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிள் மெலிது. 2000 வாட் என்றால் இங்கே 230 வோல்ட்டில் 9 ஆம்பியர்கூட வராது. 12 வோல்ட்டில் 167 ஆம்பியர், இழப்பையும் சேர்த்தால் 190 வரை போகும். 70 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கேபிள், நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ். பஸ் குலுங்கும், வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம், பல இழை வயரே போடுங்கள். மினசோட்டா குளிரில், 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்த லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது.

பஸ்ஸுக்கான 30 ஆம்பியர் சாக்கெட்டை யாராவது வீட்டு வாசலில் புதிதாகப் போட்டுக் கொடுத்தால், மாட்டுவதற்கு முன் அளந்து பார். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான சாக்கெட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் அங்கே உண்டு. உங்களுக்கு வேண்டியது 120தான். மொத்தம் 3600 வாட். ஏசியும் அடுப்பும் ஒன்றாக ஓடாது.

பலகைக்கு மூடி போடும் முன் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அம்மாவுக்கு இவை எதிலும் கவலை இல்லை, பஸ்ஸில் மிக்ஸி ஓடுமா என்று மட்டும் கேட்டாள். இன்வெர்ட்டர் தாங்கும், ஆனால் இங்கிருந்து நீ கொண்டுபோனது 230 வோல்ட் மிக்ஸி. அதை யாருக்காவது கொடுத்துவிட்டு அங்கே விற்கும் 110-120 வோல்ட் மிக்ஸியை வாங்கிக்கொள். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா