திரும்பி வந்த அந்தத் தபால் உறையைத் தேடு, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அனுமதியில்லாமல் வேலைக்கு வரவில்லை என்று அரசு வேலையிலிருந்து உன்னை டிஸ்மிஸ் செய்ததைப் பற்றிப் போனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கு முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. "நான் லஞ்சம் வாங்கினேனா, அரசாங்கக் காசைத் தொட்டேனா? மாமியார் பக்கவாதத்துல கிடந்தாங்க, கூட இருந்து பார்த்துக்கிட்டேன். இதை ஜட்ஜ் முன்னாடி சொன்னா போதாதாண்ணே?" என்றாய்.

போதாது தங்கச்சி. ஏன் போதாது, அப்புறம் என்னதான் செய்ய வேண்டும் என்பதை நிதானமாக எழுதுகிறேன். பெயரும் ஊரும் இல்லாமல் பொதுவில் போடலாமா என்று கேட்டதற்குச் சரி என்றாய். நீ இருக்கும் நிலையில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் கண்ணிலும் படட்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு, அதாவது அரசின் உத்தரவை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, போட்டால், உயர் நீதிமன்றம் உன் கதையை முதலிலிருந்து விசாரிக்கப்போவதில்லை. சாட்சிகளைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை நடத்தாது. துறை எடுத்த முடிவைவிட, அந்த முடிவுக்கு அவர்கள் வந்து சேர்ந்த வழியைத்தான் அது கிளறிப் பார்க்கும். குற்றச்சாட்டு உன் கைக்கு வந்ததா, பதில் சொல்ல வாய்ப்பு இருந்ததா, ஆதாரம் என்று ஏதாவது இருந்ததா, அதிகாரம் உள்ளவர்தான் கையெழுத்துப் போட்டாரா என்று பார்க்கும். தண்டனையின் அளவில்கூட, நீதிமன்றத்தின் மனசாட்சியையே அதிரவைக்கும் அளவுக்குப் போயிருந்தால்தான் தலையிடுவோம் என்று 1995-இல் பி.சி. சதுர்வேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மனுவில் பத்துப் பக்கம் உன் கஷ்டத்தை எழுதி, விசாரணை நடந்த விதத்தை ஒரு பத்தியில் முடித்தால் வழக்கு நிற்காது. வருஷக்கணக்கில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல வழக்குகள் பல இப்படித்தான் வீணாய்ப் போயின.

உன் வழக்கில் அந்த வழி முழுக்கக் கோணல். நீ சொன்னதை வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதல் விடுப்புக் கடிதத்தைப் பழைய விலாசத்திலிருந்து அனுப்பினாய். மாமியாரை வெளியூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிய பிறகு அனுப்பிய இரண்டாவது கடிதத்தில், தங்கியிருந்த வீட்டின் விலாசத்தைத் தெளிவாக எழுதியிருக்கிறாய். அது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை அட்டை உன்னிடம் இருக்கிறது. ஆனால் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(பி) விதியில் வந்த, பெரிய தண்டனைக்கு வழிவிடும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை பழைய விலாசத்துக்குப் போய், ஆள் இல்லை என்று திரும்பியிருக்கிறது. விசாரணைக்கு வரச் சொல்லி அனுப்பிய கடிதமும் அப்படியே. நீ வரவில்லை என்று எழுதிவிட்டு ஒருதலையாக விசாரணையை முடித்தார்கள். கடைசியில் டிஸ்மிஸ் உத்தரவு மட்டும் புது விலாசத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது! அந்த விலாசம் அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

1998-இல் தினாநாத் சாந்தாராம் கரேகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதைத்தான் பார்த்தது. பதிவுத் தபாலில் போன குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஆள் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தால், அது ஊழியருக்குச் சார்வு செய்யப்பட்டதாக, அதாவது முறைப்படி கொடுக்கப்பட்டதாக ஆகாது, அதன் மேல் கட்டிய விசாரணையும் நிற்காது என்று தீர்ப்பு. ஆனால் தபால்காரர் எழுதிய குறிப்பு என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "வாங்க மறுத்துவிட்டார்" என்று எழுதியிருந்தால் கதையே வேறு, உனக்குக் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். "வீடு மாறிச் சென்றார்", "விலாசத்தில் இல்லை" என்று இருந்தால் அது உன் பக்கம். அதனால்தான் சொல்கிறேன், அந்த உறை வேண்டும். அது உன் கோப்பில்தான் கிடக்கும், திரும்பி வந்த உறையைக் கோப்போடு சேர்த்துத் தைப்பதுதான் வழக்கம்.

அதை வாங்க யாரையும் கெஞ்ச வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் ஒரு மனு, 10 ரூபாய் கட்டணம், அவ்வளவுதான். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. மனுவில் "என் கோப்பு முழுவதும்" என்று மொட்டையாகக் கேட்காதே. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அது அனுப்பப்பட்ட உறையின் இரண்டு பக்கமும், விசாரணை அழைப்புக் கடிதங்களும் அவற்றின் உறைகளும், விசாரணை அலுவலரை நியமித்த ஆணை, சாட்சிகளின் வாக்குமூலம், விசாரணை அறிக்கை, உன் இரண்டு விடுப்புக் கடிதங்கள் மேல் அலுவலகம் எழுதிய குறிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேள். அந்தக் கடைசி விஷயம் முக்கியம். விடுப்பை நிராகரித்தார்களா, அல்லது ஒன்றுமே எழுதாமல் கிடப்பில் போட்டார்களா என்று அதில் தெரிந்துவிடும்.

விசாரணை அறிக்கையின் நகல் தண்டனைக்கு முன்னால் உனக்கு வரவில்லை என்றாய். அது தர வேண்டிய ஒன்று. 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. ஆனால் அறிக்கை தரவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது, தராததால் உனக்கு என்ன பாதகம் என்றும் காட்ட வேண்டும். உனக்கு அது கஷ்டமில்லை. அறிக்கை வந்திருந்தால் ஒப்புகை அட்டையை அன்றைக்கே நீட்டியிருப்பாயே!

இனி குற்றச்சாட்டுக்கு வருவோம். அனுமதியின்றிப் பணிக்கு வராமை என்கிறார்கள். 2012-இல் கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. வராமல் இருந்தது உண்மை என்பதோடு துறையின் வேலை முடிந்துவிடாது. வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். நோய், ஆஸ்பத்திரி மாதிரி நம் கையை மீறிய காரணத்தால் வராமல் போனதை ஒழுங்கீனம் என்று சொல்லிவிட முடியாது. மாமியாரின் டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், உள்நோயாளியாகச் சேர்த்த தேதி எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கு. வேலைக்குப் போகாத நாட்களும் இந்தத் தேதிகளும் எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்று நீயே ஒரு தாளில் எழுதிப் பார். அரசு வக்கீல் அதைத்தான் முதலில் செய்வார்.

பொருந்தாத இடம் ஒன்று இருக்கிறது, உனக்கும் தெரியும். மாமியாரை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகும் சில மாதங்கள் நீ எதுவும் எழுதவில்லை. அங்கே உன் கை பலவீனம்தான். அதை மறைக்கப் பார்க்காதே. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, வீட்டுக்காரர் வெளியூரில், நீயே உடைந்துபோயிருந்தாய் என்பதை அப்படியே எழுது. அது குற்றத்தை அழிக்காமல் போகலாம். ஆனால் அத்தனை வருஷம் ஒரு மெமோகூட வாங்காமல் வேலை பார்த்தவளுக்கு டிஸ்மிஸ் அதிகம் என்று வாதிட அது உதவும்.

உத்தரவையும் எடுத்து இரண்டு விஷயம் பார்த்துச் சொல். கீழே கையெழுத்துப் போட்டவர் உன்னை வேலைக்கு நியமித்த அதிகாரியின் பதவிக்குக் கீழே உள்ளவரா? அரசமைப்புச் சட்டத்தின் 311(1) பிரிவின்படி அப்படி இருக்கக் கூடாது, இருந்தால் அந்த ஒரு காரணமே உத்தரவை விழச் செய்யும். அடுத்து, உத்தரவில் இருப்பது பணியறவா (டிஸ்மிஸல்), பணிநீக்கமா (ரிமூவல்)? பணியறவு என்றால் பின்னால் வேறு அரசு வேலைக்கே போக முடியாதபடி ஆகிவிடும். இரண்டையும் ஒன்றாக நினைத்து விட்டுவிடாதே.

இப்போது உன்னைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உத்தரவு கைக்கு வந்து மாதங்கள் ஓடிவிட்டன, இன்னும் நீ துறையின் மேல் அதிகாரிக்கு மேல்முறையீடு போடவில்லை. அதற்குப் பதில் அமைச்சருக்கு ஒரு மனு, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு ஒரு மனு, கலெக்டருக்கு ஒரு மனு என்று கொடுத்துக்கொண்டிருக்கிறாய். அவை எதுவும் மேல்முறையீடு ஆகாது. மனு கொடுத்துக் காத்திருந்தேன் என்று சொன்னால் நீதிமன்றம் அந்தக் காலத்தைக் கழித்துக்கொள்ளாது. தமிழ்நாட்டிலிருந்து போன சி. ஜேக்கப் வழக்கு அப்படிப்பட்டது. 1982-இல் வேலை போனவர் 2000-இல் மனு கொடுத்துக் கேட்டார். செத்துப்போன கோரிக்கைக்கு ஒரு மனுவால் உயிர் வராது என்ற பொருளில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் வழக்கு இன்னும் உனக்கு நெருக்கம், அதுவும் பணிக்கு வராமைதான். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தவர் 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். நீண்ட நாள் வராததோடு, நீதிமன்றத்துக்கு வர நான்கு ஆண்டு தாமதித்ததையும் அங்கே பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே முதல் வேலை மேல்முறையீடு. காலக்கெடு தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு, காரணத்தையும் சேர்த்தே எழுது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பு, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரமாக வை. அவர்கள் பதில் சொல்லாமல் இழுத்தால், இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்று உத்தரவிடக் கேட்டு ரிட் போடலாம். அந்த உத்தரவு எளிதில் கிடைத்துவிடும். ஆனால் அது ஜெயிப்பு இல்லை, "பரிசீலி" என்றுதான் சொல்லியிருக்கும். அதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி நிம்மதியாக இருந்து, நிராகரிப்பு வந்தபின் உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அமைச்சரின் ஆளைத் தெரியும், இரண்டு லட்சம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தாரே, அவரைத் திரும்ப வீட்டுப் பக்கம் விடாதே. நகையை வைத்து வக்கீலுக்குக் கொடுக்கவும் அவசரப்படாதே. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆவது பிரிவில், பெண் என்பதாலேயே இலவச வக்கீலுக்கு உனக்கு உரிமை உண்டு. வருமான வரம்பு உன்னைக் கட்டுப்படுத்தாது. இதற்கென்றே உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இருக்கிறது, மதுரை அமர்விலும் தனியாக உண்டு. முன்பு நம் மாநிலத்தில் அரசு ஊழியர்களுக்கென்று நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது, அதை மூடிவிட்டார்கள். அதனால் இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். பணி சார்ந்த வழக்குகளில் பழக்கம் உள்ளவரைத் தரும்படி கேட்டு வாங்கு.

இன்னொன்று. "தப்பு பண்ணாமலா டிஸ்மிஸ் பண்ணுவாங்க" என்று சொந்தக்காரர்கள் பேசுவதைச் சொல்லி அழுதாய். 2003 ஜூலையில் நம் மாநில அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்த வேலைநிறுத்தத்தில் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே அடியாக டிஸ்மிஸ் ஆனார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்ன அதே வழக்கில், பெரும்பாலோருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அப்போது தெருவுக்கு நாலு பேர் அந்த நிலையில் இருந்ததால் யாரும் யாரையும் ஏளனமாகப் பார்க்கவில்லை. உனக்கு அந்தக் கூட்டம் இல்லை, உன் பின்னால் சங்கம் ஊர்வலம் வரப்போவதில்லை. தனியாக வேலை இழந்தவருக்குத்தான் அவமானமும் தனியாக வந்து சேர்கிறது. அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும் தங்கச்சி. பிள்ளைகளிடம் மட்டும் மறைக்காதே. அம்மா ஒரு வழக்கு நடத்துகிறாள் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

ஜெயித்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு ஏமாறக் கூடாது. விசாரணையில் கோளாறு என்று உத்தரவு ரத்தானால், நீதிமன்றம் பெரும்பாலும் கோளாறு தொடங்கிய இடத்திலிருந்து திரும்ப விசாரிக்கச் சொல்லும். அதுவரை உன்னைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் (சஸ்பென்ஷன்) இருப்பதாக வைத்துக்கொண்டு, பாதிச் சம்பள அளவில் பிழைப்பூதியம் தருவார்கள். நாற்காலி உடனே கிடைக்காது. ஆனால் இந்த முறை குற்றச்சாட்டு உன் கையில் இருக்கும், நீ விசாரணை அறையில் இருப்பாய், சாட்சியைக் கேள்வி கேட்பாய். ஒரு தவணையும் தவறாதே. காய்ச்சல் என்றாலும் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கு.

அப்புறம் பின்சம்பளம், அதாவது வேலையில்லாமல் வெளியே இருந்த காலத்துக்கான சம்பளம். 2013-இல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில், தவறாக வெளியேற்றப்பட்டவர் திரும்ப வரும்போது முழுப் பின்சம்பளம்தான் பொது விதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் வேறு வேலை இல்லை, அல்லது குறைந்த வருமானத்தில் இருந்தேன் என்று நீ முதலில் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். இல்லை, நல்ல சம்பளத்தில் இருந்தார் என்று காட்டுவது அதன் பிறகு துறையின் பொறுப்பு. நீ வீட்டில் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிப்பதை எழுதலாமா என்று தயங்கினாய். எழுது. மாதம் எவ்வளவு வருகிறதோ அதை ஒளிக்காமல் எழுது. தையல் காசு சம்பளத்துக்கு ஈடாகாது என்பது எந்த நீதிபதிக்கும் புரியும். "வருமானமே இல்லை" என்று எழுதிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து வேறு மாதிரி சொன்னால், நீ சொன்ன மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள்.

தகவல் கேட்கும் மனுவை நான் எழுதித் தபாலில் அனுப்புகிறேன், நீ கையெழுத்துப் போட்டால் போதும். மேல்முறையீட்டை நீயே உன் வார்த்தையில் எழுது, சட்டப் பிரிவுகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒப்புகை அட்டையின் அசலை யார் கேட்டாலும் கொடுக்காதே, வக்கீலுக்கும் நகல் மட்டும்.

அன்புடன்,
அண்ணன்